திண்டிவனத்து ராடாரில் பதினாறு புள்ளிகள்

மாசிலாமணி வீட்டுக்கு நீங்கள் எப்போதாவது போனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். கிளம்பும்போது ‘வர்றேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். மனுஷன் எழுந்து வந்து கதவை மறித்துக்கொள்வார். “‘போறேன்’னு சொல்லுங்க. சொல்லிட்டு அப்பறம் படி இறங்குங்க” என்பார். பொங்கலுக்கு வந்தவர்களையும் விடமாட்டார், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களையும் விடமாட்டார். தமிழ்நாட்டில் வேறெந்த வீட்டிலாவது இந்தக் கூத்து உண்டா? ‘போறேன்’ என்று வாய் தவறி வந்தாலே நம் வீடுகளில் சண்டைக்கு வருவார்கள்.

ஏன் சார் இப்படி என்று கேட்டேன். மூன்று வருஷம் இழுத்தடித்துவிட்டு ஒரு நாள் சொன்னார். இது நிஜமாக நடந்தது. தேதி, மணி, ஊர், ஆள் எல்லாம் அவர் சொன்னபடி எழுதுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், அவ்வளவுதான்.

1963. சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறு வருஷம். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பொட்டலில் தற்காலிகமாக ஒரு ராடாரை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கூடாரம், ஒரு ஜெனரேட்டர், மேலே ஓயாமல் சுற்றுகிற இரும்பு வலை. கூடாரத்துக்குள் வட்டமாக ஒரு கண்ணாடித் திரை. வானத்தில் விமானம் போனால் திரையில் பச்சையாக ஒரு புள்ளி தெரியும். அதைப் பார்த்து எழுதுவதுதான் மாசிலாமணிக்கு வேலை. வல்லத்துக்காரர். அப்போது அவருக்கு வயசு இருபத்தாறு.

நிமிஷத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். மணி என்ன, புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது, கூடாரத்திலிருந்து எத்தனை மைல் தூரம்… மூன்றே கட்டம். மசிப் பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பு வந்தால் அழிக்கக்கூடாது. ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விமானம் எங்காவது விழுந்து தொலைந்தால், அது வந்த வழியைப் படத்தில் திரும்பவும் வரைய அந்த நோட்டைத்தான் எடுப்பார்கள். அதனால் அத்தனை கண்டிப்பு.

அந்த ஆடியில் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை வயலெல்லாம் கம்பளிப்பூச்சி. இலையென்று ஒன்றில்லாமல் தின்றுகொண்டிருந்தது. மருந்தடிக்க ஒரு சின்ன விமானம் வந்திருந்தது. ஓட்டுகிறவர் பெயர் சுப்பராயலு, விழுப்புரத்துக்காரர். விமானத்தில் அவர் ஒருத்தர்தான். மாசிலாமணி அவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது. ரேடியோவில் குரல் மட்டும்தான் பழக்கம்.

“இன்னா ராடார் தம்பி, துன்னுட்டியா?” என்பார். மற்ற பைலட்டுகள் பேச்சை முடிக்கும்போது ஏதோ இங்கிலீஷ் வார்த்தை சொல்வார்கள். இவர் சொல்லமாட்டார். “வர்றேன்” என்பார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் சொல்வோமே, அதே மாதிரி. மாசிலாமணிக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை. மத்தியானத்திலிருந்தே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. புள்ளி கிழக்கே, பெருமுக்கல் பக்கம் நின்றது.

3:41. ரேடியோ கரகரத்தது.

“தம்பி… மலை தெரியலப்பா. ஒரே மேகம்…”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு வார்த்தை. மெதுவாக, பக்கத்தில் நின்று சொல்வதுபோல.

“வர்றேன்.”

அந்த வார்த்தைக்குப் பின்னால் எஞ்சின் இரைச்சல் இல்லை. அப்போது அது உறைக்கவில்லை என்றார் மாசிலாமணி. அப்புறம்தான் உறைத்தது.

புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. 3:43… 3:44… தென்மேற்கே திரும்பியது. கூட்டேரிப்பட்டைத் தாண்டி விழுப்புரம் வரைக்கும் போயிற்று. 3:58க்கு அங்கே அணைந்துவிட்டது. 3:43லிருந்து மொத்தம் பதினாறு வரி எழுதியிருந்தார். வழி நெடுக ரேடியோவில் கூப்பிட்டும் பதில் இல்லை. ‘விழுப்புரத்துல எறங்க எடம் ஏது, எங்கனா கொல்லையில எறக்கிட்டாரா’ என்று குழம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

4:14க்குக் கூடாரத்து வாசல் துணி ‘படக்’கென்று தூக்கி விழுந்தது. வெளியே காற்றே இல்லை. பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்தது. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. ஜெனரேட்டர் புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் பழக்க தோஷம்… மணியைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டார், நோட்டில் எழுதவில்லை.

4:40க்குப் போலீஸ்காரர் ஒருத்தர் சைக்கிளில் வந்தார். விமானம் பெருமுக்கல் மலையில் மோதி விழுந்துவிட்டதாம். சுப்பராயலு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். கைக்கடிகாரம் 3:42ல் நின்றிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் 3:43லிருந்து 3:58 வரைக்கும் திரையில் போனது எது?

விசாரணைக்கு வடக்கேயிருந்து பானர்ஜி என்று ஓர் ஆபீசர் வந்தார். மோசமான ஆள் இல்லை. ஆனால் சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகம். டீ கொண்டுவந்து வைத்தால்கூட டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நோட்டைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆபரேட்டர் தூங்கியிருக்கிறான், முழித்துக்கொண்டு மனசுக்குத் தோன்றியதை எழுதியிருக்கிறான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடைசியாகப் பைலட் என்ன சொன்னார் என்று கேட்டார். ‘வர்றேன்’ என்றார் மாசிலாமணி. அதற்கு என்ன அர்த்தம்? அங்கேதான் மாசிலாமணி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ‘விடைபெற்றுக்கொண்டார்’ என்று சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் போட்டு, ‘நான் வந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டார்.

பானர்ஜி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கே வந்துகொண்டிருந்தான்? யாரைப் பார்க்க? உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன? புதுச்சேரியிலிருந்து சரக்கு ஏதாவது கடத்துகிறீர்களா?

ஐயோ சார், எங்க ஊரில் கிளம்பும்போது அப்படித்தான் சொல்வார்கள் என்று மாசிலாமணி தலைபாடாக அடித்துக்கொண்டார். கிளம்புகிறவன் எதற்கய்யா வருகிறேன் என்று சொல்கிறான் என்று கேட்டார் பானர்ஜி.

கடைசியில் இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் வரைக்கும் கெடு. அதற்குள் அந்தப் பதினாறு வரியும் நிஜம் என்று நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனையையும் அடித்து, ‘பொய்யாக எழுதினேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். யுத்த காலச் சட்டம் அமலில் இருந்தது. பொய்க் கணக்கு எழுதினால் வேலை மட்டும் போகாது, ஆளும் உள்ளே போக வேண்டியதுதான். நோட்டை உறையில் போட்டு, தன் அரக்கு முத்திரையை வைத்து, தன் டிரங்குப் பெட்டியில் பூட்டினார் பானர்ஜி. சாவியை சட்டைக்குள் பூணூலில் முடிந்துகொண்டார்.

மாசிலாமணியோடு சுற்றுவதற்கு ஸ்ரீபாலன் என்பவரை அனுப்பினார்கள். செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுக்காரர், அதாவது சமணர், வயசு நாற்பது. விபத்துக்குப் படம் வரைகிறவர். நோட்டைப் பூட்டுவதற்கு முன்னால் பூதக்கண்ணாடி வைத்து வரி வரியாகப் பார்த்துப் பிரதி எடுத்தவர் அவர்தான். “அழிச்ச தடம் இல்ல. பிளேடு வச்சி சொரண்டின தடமும் இல்ல. பதினாறு வரி, சரியா இருக்குது” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

நல்லவர்தான். ஆனாலும் மாசிலாமணிக்கு அவர்மேல் சந்தேகம். சாயங்காலமானால் பொழுது சாய்வதற்குள் அவசர அவசரமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஒரு சின்ன நோட்டில் என்னமோ எழுதுவார். நம்மைப் பற்றித்தான் போட்டுக்கொடுக்கிறார் என்று மாசிலாமணி நினைத்தார்.

இருபதாம் தேதி கூட்டேரிப்பட்டுக்குப் போனார்கள். ஏழாவது வரிப்படி 3:49க்குப் புள்ளி அந்தக் கூட்டுரோட்டுக்கு மேலே இருந்திருக்க வேண்டும். யாரிடமும் கடிகாரம் கிடையாது. பஸ்ஸை வைத்துத்தான் மணி கேட்க வேண்டும். சத்தம் எந்தப் பக்கம் போயிற்று என்று கையை நீட்டிக் காட்டச் சொல்லி, அந்தக் கை நீளத்துக்குத் திசைகாட்டியைப் பிடித்துப் பார்ப்பார்கள். அதுதான் அவர்கள் வேலை செய்கிற முறை.

டீக்கடை முனியம்மாள் கேட்டதுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“கேட்டுச்சிங்க சார். மூணே முக்கால் மயிலம் பஸ்ஸு வந்து ஆளு எறக்கிக்கினு இருந்துச்சி. அது கெளம்பறப்ப கேட்டுச்சி. ஜனம் மொத்தமும் ரோட்ல நின்னுக்கினு அண்ணாந்து பாத்தோம்.”

“ஏரோப்ளேனப் பாத்தீங்களா?”

“எங்க பாக்கறது? சத்தம் தலைக்கு மேல போவுது. மேல ஒண்ணும் இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பனமரம் ஒசரத்துல போவுதுங்க சார். ஒரு ஓலை அசையல. இத்தினி நாயி இருக்குது, ஒண்ணுகூட கொரைக்கல. எனக்கு ஒரே பேஜாரா பூட்ச்சி.”

கையை நீட்டிக் காட்டினாள். ஸ்ரீபாலன் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். பிரதியை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் திசைகாட்டியைப் பார்த்தார். ஏழாவது வரிக்கும் எட்டாவது வரிக்கும் நடுவில் கோடு போட்டதுபோல நின்றது அந்தக் கை.

மாசிலாமணிக்கு ஒரு நொடி சந்தோஷம். நாம் பொய் எழுதவில்லை! பொய் இல்லையென்றால்… அப்புறம் அது என்ன?

முனியம்மாளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று ஸ்ரீபாலனைச் சாடையாகப் பார்த்தார். ஸ்ரீபாலனும் அதே மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து தெற்கே பெரியதம்பி என்கிற குடியானவருடைய மல்லாட்டைக் கொல்லை. வரப்பை விட்டு உள்ளே இறங்கினார்கள். கம்பளிப்பூச்சி நெளிந்துகொண்டிருந்தது. ஸ்ரீபாலன் ஓர் உயிரையும் மிதிக்கக்கூடாது என்று குனிந்தபடியே, கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தார். மாசிலாமணி முன்னால் போய் நின்று சலித்துக்கொண்டார்.

“ஜல்தி வாங்க சார். இப்டி நடந்தா பொழுது பூடும்.”

“தம்பி… நில்லு.”

ஸ்ரீபாலன் குரல் மாறியிருந்தது. கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்கேருந்து… கால் வைக்க எடம் தேட வேண்டியதே இல்ல. பாரு.”

மாசிலாமணி குனிந்து பார்த்தார். காலடியில் பூச்சியெல்லாம் செத்துக் காய்ந்து சுருண்டு கிடந்தது. இந்தப் பக்கம் உயிரோடு நெளிகிறது. அந்தப் பக்கமும் நெளிகிறது. நடுவில் ஒரு பட்டை மட்டும், கொல்லைக்குக் குறுக்கே, விழுப்புரத்தைப் பார்த்து நீளமாகப் போனது. அந்தச் சின்ன விமானத்தின் இறக்கை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம்.

“யாரு மருந்தடிச்சது?” என்று கேட்டார் மாசிலாமணி.

“யாரும் அடிக்கலீங்க” என்றார் பெரியதம்பி. “எங்களுக்கு அடுத்த வாரம்னாங்க. அதுக்குள்ளதான் அந்தப் புண்ணியவான் பூட்டாரே. அன்னிக்கி மேல சத்தம் போச்சில்ல, அது போன வழிதாங்க இது.”

ஜீப்புக்குத் திரும்பினார்கள். ஏறி உட்கார்ந்ததும் ஸ்ரீபாலன் சொன்னார்.

“ஒடைஞ்ச விமானத்த நாந்தான் அளந்தேன், தம்பி. மருந்துத் தொட்டி ஒடையல. ஒரு சொட்டு கொறையல. மூடி வரைக்கும் இருந்துச்சி.”

அன்றன்றைக்குத் தெரியாமல் செய்த பிழைகளை எழுதி வைக்கிற நோட்டு அது என்று மாசிலாமணிக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் அந்தச் சின்ன நோட்டை எடுக்கவில்லை. பொழுது சாய்ந்தது. சாப்பிடவும் இல்லை.

இருபத்துமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. கடைசி நாள். விழுப்புரத்துப் படத்தை விரித்து, பதினாறாவது வரியின் திசையையும் தூரத்தையும் வைத்து ஸ்ரீபாலன் பென்சிலால் ஒரு புள்ளி குத்தினார். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெரு. தெருவில் நாலாவது வீடு.

3:50க்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். எச்சில் இலைகள் ஓரமாகக் கிடந்தன. ஏதோ காரியம் முடிந்து ஜனங்கள் போயிருந்தார்கள். உள்ளே ஒரு பெண்பிள்ளை சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

“யார் வீடுங்க இது?” என்றார் ஸ்ரீபாலன்.

அவள் சுவரைக் காட்டினாள். மாலை போட்ட போட்டோ.

தலையில் தோல் குல்லாய். சிரித்த முகம்.

சுப்பராயலுவின் முகத்தை மாசிலாமணி அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். அன்று பதினாறாம் நாள் காரியம்.

“திண்டிவனத்துலேருந்து வர்றோம்மா…” என்று ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்தாள். பெயர் காந்திமதி, சுப்பராயலுவின் சம்சாரம்.

“நீதான் ராடார் தம்பியா? உன்னப் பத்தித் தெனமும் சொல்லுவாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யாரும் நம்ப மாட்டேங்கறாங்க தம்பி. நீயாவது நம்பு. அன்னிக்கி அவரு வூட்டுக்கு வந்தாரு.”

ஸ்ரீபாலன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“எப்போம்மா?”

“லோகோ ஷெட்டு சங்கு ஊத ரெண்டு நிமிசம் இருந்துச்சி. நாலு மணி சங்கு. வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு. ஒரே மருந்து வாடை. தண்ணி கேட்டாரு. குடுத்தேன். குடிக்கல. கையில வச்சிக்கினே நின்னாரு. சோறு போடட்டுமான்னேன்…”

போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள்.

“‘நான் போறேன்’ன்னாரு.”

தெருவில் எங்கோ ஒரு மாட்டுவண்டி போகிற சத்தம் கேட்டது.

“பதினோரு வருசத்துல ஒரு நாளு அந்த வார்த்த சொன்னதில்ல தம்பி. எனக்குக் கோவம் வந்துட்ச்சி. ‘இன்னா பேச்சு இது, வர்றேன்னு சொல்லுங்க’ன்னு கத்தினேன். திரும்பிப் பாத்து சிரிச்சாரு.”

“அப்பறம்?”

“‘அத ராடார் தம்பிகிட்ட சொல்லிட்டேன். சொன்னா மாதிரி போவணும் இல்ல’ன்னாரு.”

ரேடியோவில் கடைசியாக வந்த அந்த வார்த்தை பானர்ஜிக்கும் ஸ்ரீபாலனுக்கும் மாசிலாமணிக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து லோகோ ஷெட் சங்கு ஊதியது.

மணி 4:00.

இரண்டு பேரும் ஜீப்பில் திண்டிவனம் திரும்பினார்கள். மாசிலாமணி முடிவு செய்துவிட்டார். இதையெல்லாம் பானர்ஜியிடம் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். அதைவிட ஜெயிலுக்குப் போவது மேல். பதினாறையும் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

5:20. கூடாரம்.

பானர்ஜி சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். தன் முத்திரையைத் தானே தடவிப் பார்த்தார். அரக்கு உடையவில்லை. உடைத்தார். நோட்டை நீட்டினார்.

மாசிலாமணி பேனாவைத் திறந்தார். விரலால் எண்ணிக்கொண்டே வந்தார்.

பதினான்கு…

பதினைந்து…

பதினாறு.

கீழே இன்னொரு வரி இருந்தது.

அதே மசி. அதே கையெழுத்து… அவருடைய கையெழுத்து.

ஸ்ரீபாலன் தன் பிரதியை எடுத்தார். அதில் பதினாறுதான்.

பூதக்கண்ணாடியை வைத்தார். மசி காய்ந்து பல நாளாகியிருந்தது.

மணி: 4:14.

திசை: கட்டம் காலி.

தூரம்: பூஜ்யம்.

கூடாரத்துக்குள்ளேயே நின்றால் திசை ஏது?

பானர்ஜி நோட்டைப் பார்த்தார். உடைந்த அரக்கைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். யாரைச் சந்தேகப்படுவது? பூட்டியவர் அவர். முத்திரை அவருடையது. மெதுவாகக் கையை நீட்டி மாசிலாமணியின் பேனாவை வாங்கி மூடினார். கையெழுத்து வேண்டாம் என்றார். ‘மழை மேகத்தை ராடார் விமானம் என்று காட்டிவிட்டது, ஆபரேட்டர் மேல் தப்பில்லை’ என்று அவரே எழுதி விசாரணையை மூடிவிட்டார். மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பினார். வழியனுப்பப் போன ஸ்ரீபாலன் பழக்கத்தில் ‘வர்றேன் சார்’ என்று சொல்லிவிட்டாராம். மனுஷன் அப்படியே முகம் வெளுத்துப் போனாராம்.

வேலை தப்பியது. ஜெயில் தப்பியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி வந்து அவர்தானே சார் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார், நல்ல ஆவிதானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று மாசிலாமணியிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை.

“நான் தப்பா சொல்லிட்டேன், தப்பா சொல்லிட்டேன்னு பதினஞ்சி நாளு அடிச்சிக்கினேன்” என்றார். “நான் அந்த ஆபீசர்கிட்ட இங்கிலீஷுல சொன்ன அர்த்தம்தான் சரி. அவுரு வந்தாரு.”

வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திரை தொங்கிக்கொண்டிருந்தது. அசையவில்லை.

“பொண்டாட்டிகிட்ட ‘போறேன்’னு சொல்லிட்டுப் போனாரு. அந்தம்மா அதுக்கப்பறம் அவுர ஒரு தபா கூடப் பாக்கல.”

குரல் தேய்ந்தது.

“எங்கிட்ட இன்னும் சொல்லல.”